அனுப்பப்பட்டவர்கள் யார்? இறையியல் உயர்கல்வியும் தலித் கத்தோலிக்கர்களும்

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 378ஆம் விதி, ஆயராக நியமிக்கப்படுவதற்கு ஒருவரிடம் இருக்க வேண்டிய தகுதிகளை வரையறுக்கிறது. அவர் குறைந்தது 35 வயது நிறைந்தவராகவும், குருவாகி 5 ஆண்டுகளேனும் கடந்தவராகவும் இருக்க வேண்டும். நற்பெயர், பக்தி, விவேகம் முதலியனவும் வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: விவிலியம், இறையியல், திருச்சபைச் சட்டம் ஆகிய துறைகளுள் ஒன்றில், உரோமையின் ஏற்பு பெற்ற உயர்கல்வி நிறுவனத்தில் பெற்ற முனைவர் பட்டம் அல்லது லைசென்சியேட் எனப்படும் முதுநிலைப் பட்டம். பட்டம் இல்லையெனில் அத்துறைகளில் உண்மையான புலமையேனும் இருக்க வேண்டும் என்று விதி சற்று இளகிக்கொள்கிறது. நடைமுறையில் அந்தப் புலமையை மதிப்பிடுவோரும் பட்டம் பெற்றவர்களே.

தலித் கத்தோலிக்கர்களின் போராட்ட வரலாற்றில் இந்த விதி பேசப்பட்டதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஒதுங்கியே இருந்துவந்திருக்கிறது. 2022 மார்ச்சில் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்திற்குப் புதிய பேராயர் அறிவிக்கப்பட்டபோது, தலித் கிறித்தவ அமைப்புகள் வீதியில் இறங்கின. தலித்துகள் பெரும்பான்மையாக உள்ள உயர்மறைமாவட்டத்தில் ஒரு தலித் பேராயர்கூட இதுவரை இல்லையே என்பது அவர்களின் கேள்வி. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அந்நிலையை எய்திய முதல் தலித் அவரே. கொண்டாட்டம் நிகழ்ந்தது, நியாயமான கொண்டாட்டம்தான். ஆனால் நியமனம் என்பது ஒரு நெடிய பாதையின் கடைசிப் படி. முதல் படி அதற்கு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன், ஓர் இளங்குருவை மேற்படிப்புக்கு அனுப்பலாமா, கிராமப் பங்கிலேயே விட்டுவிடலாமா என்று ஓர் ஆயர் முடிவெடுக்கும் நாளில் வைக்கப்படுகிறது. அந்த நாளில் எவரும் முழக்கமிடுவதில்லை. அப்படியொரு முடிவு எடுக்கப்பட்டது என்பதே பிறருக்குத் தெரியாது.

இதைத் திருவண்ணாமலையிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அண்ணாமலையார் கோவிலும் கிரிவலமும் கார்த்திகை தீபமும் ஆசிரமங்களும்தான் இவ்வூரைப் பற்றி வெளியுலகம் அறிந்தவை. மாவட்டத்தின் கத்தோலிக்கச் சமூகம் அந்த வெளிச்சத்துக்கு வெளியே இருக்கிறது. அதன் தலைமைத் தலம் என்று சொல்லத்தக்க சேத்துப்பட்டின் லூர்து அன்னை ஆலயத்தின் கதை, பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சபையைச் சேர்ந்த டாராஸ் அடிகளாரோடு இணைந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தின் காலத்திலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் இப்பகுதியின் பறையர் குடியிருப்புகள் திரள்திரளாகத் திருமுழுக்குப் பெற்றன. டாராஸ் 1916இல் மறைந்தார். பின்னர் சலேசியர்கள் வந்தார்கள். 1952இல் வேலூர் மறைமாவட்டம் உருவாகி, இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் அதற்குள் அடங்கியது.

ஆக, இங்குள்ள திருச்சபையை அதன் தொடக்கத்திலிருந்தே உடலால் தாங்கியவர்கள் தலித்துகள். ஒரு வெளிநாட்டுக் குருவுக்கு நாற்பது, ஐம்பது ஊர்கள் என்ற கணக்கில், ஆண்டில் சில நாட்கள் மட்டுமே குருவைக் காணும் குடியிருப்புகளில் செபம் சொல்லிக் கொடுத்தவர், ஞானோபதேசம் நடத்தியவர், சாவுக்குச் சென்று மந்திரித்தவர், சண்டையில் நடுவராக நின்றவர் உபதேசியார். அவருக்குத் தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபை வழங்கிய இன்னொரு பெயர் வேதியர். பொதுத் தமிழில் பார்ப்பனரைக் குறிக்கும் சொல்லைச் சேரியில் மறை கற்பித்த மனிதருக்கு யார் முதலில் சூட்டினார்களோ, அவர்களுக்கு அதன் கூர்மை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பெயர்தான் வேதியர். வேதத்தை ஆராயும் கல்வி அவருக்குத் திறக்கவில்லை. வினா விடை வடிவில் அச்சிட்ட சிறு நூலை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதே அவர் பணியென வரையறுக்கப்பட்டது. 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக நிறுவினார். நூறாண்டுக் காலம் சேரியில் நடந்த வேலைக்கு உரோமை அளித்த தாமதமான ஒப்புதல் அது. அந்த ஆவணம் மறைக்கல்வியாளருக்கு உரிய விவிலிய, இறையியல், கல்வியியல் பயிற்சி தரப்பட வேண்டும் என்கிறது. நம் கிராமங்களில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை வாசகர்கள் தத்தம் பங்கில் கேட்டறியலாம்.

வேதியருக்கு மூடியிருந்த உயர்கல்வி, அதே காலத்தில், அதே திருவண்ணாமலையில், வேறொரு திசையில் மிகவும் செழித்தது. பிரெஞ்சு பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ 1948இல் இந்தியா வந்தார். 1949 ஜனவரியில் ழூல் மொன்ஷானேன் அடிகளாரோடு திருவண்ணாமலைக்கு வந்து இரமணரைக் கண்டார். 1950இல் இருவரும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட லெ சோ, 1952 முதல் அருணாசல மலையின் குகைகளில் பலமுறை தங்கித் தியானித்தார். அத்வைத அனுபவத்தையும் மூவொரு கடவுள் நம்பிக்கையையும் இணைத்து அவர் எழுதியவை, இந்தியக் கிறித்தவ இறையியல் என்ற சொல்லைக் கேட்டதும் ஐரோப்பிய ஆய்வாளர் நினைவுக்கு வரும் நூல்களுள் அடங்கின. அவரைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுகள் பல மொழிகளில் உள்ளன.

அவருடைய தேடலின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஏழ்மையில் வாழ்ந்தார், உடலை வருத்திக்கொண்டார், தன் சபையின் அச்சங்களை மீறிச் சென்றார். கேள்வி வேறு. இந்தியாவைத் தேடி வந்த இறையியலுக்கு அருணாசலத்தின் குகை தெரிந்தது. சில மணி நேரப் பயணத்தில் இருந்த சேத்துப்பட்டின் சேரிகள், அங்கே தலைமுறைகளாக இயேசுவைப் பற்றிப் பேசிவந்த மனிதர்கள், இறையியலுக்கான ஊற்றாகத் தெரியவில்லை. உபநிடதம் படித்தவரோடு உரையாடுவது இந்தியாவோடு உரையாடுவதாகக் கருதப்பட்டது. பறையடிப்பவரோடு உரையாடுவது மேய்ப்புப்பணியாக மட்டுமே கருதப்பட்டது. இந்தப் பிரிவினைதான் பிறகு பாடத்திட்டமாகவும் நூலகமாகவும் பட்டமாகவும் இறுகியது.

இதற்கு எதிர்நிலையில் வைத்துப் பார்க்கத்தக்க ஒரு வாழ்க்கை திருவண்ணாமலைக்குக் கிழக்கே, செஞ்சிப் பகுதியில் உள்ள கல்லேரியில் தொடங்கியது. அவ்வூரில் பிறந்த சைமன் லூர்துசாமி உரோமையில் திருச்சபைச் சட்டம் பயின்று, பெங்களூர் பேராயராகி, 1985இல் கர்தினாலானார். அவருடைய தம்பி டி. எஸ். அமலோர்பவதாஸ் பாரிசுக்கு அனுப்பப்பட்டு மறைக்கல்வித் துறையில் உயர்கல்வி பெற்றார். 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தை நிறுவினார். 1969இல் உரோமை ஒப்புதல் தந்த திருப்பலியின் 12 இந்திய மயமாக்கல் கூறுகளுக்குப் பின்னால் இருந்த முதன்மை ஆற்றல் அவரே. தரையில் அமர்தல், ஆரத்தி, குத்துவிளக்கு, அஞ்சலி வணக்கம் ஆகியவை அவ்வாறு வந்தவை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவவியல் துறை உருவானதும் அவரால்தான். 1990இல் சாலை விபத்தில் இறந்தார்.

ஒரே குடும்பத்தின் இரு இளைஞர்களை உயர்கல்விக்கு அனுப்பிய முடிவு, கால் நூற்றாண்டுக்குள் ஒரு நாட்டின் வழிபாட்டு முறையையே மாற்றியது. ‘அனுப்பப்படுதல்’ என்பதன் வலிமைக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அமலோர்பவதாஸின் பண்பாட்டுமயமாக்கல் திட்டத்தின் எல்லையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தியப் பண்பாடு என்று அதில் நுழைந்தவற்றுள் பெரும்பகுதி கோவில் கருவறையையும் ஆசிரமத்தையும் சார்ந்தவை. ஆரத்தித் தட்டு பீடத்துக்கு வந்தது. பறை வரவில்லை. பின்னாளில் சில பங்குகளில் வந்தபோதும், சாவுக்கு அடிப்பதைத் திருப்பலியில் அடிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. சாதி இந்துவின் புனிதத்தை ஏற்கும் திருச்சபைக்குத் தலித்தின் புனிதத்தை ஏற்பது ஏன் கடினமாயிற்று என்ற கேள்வியை இறையியலின் மொழியிலேயே எழுப்ப, இறையியல் கற்ற தலித்துகள் தேவைப்பட்டார்கள்.

அவர்கள் முதலில் எழுந்தது புரொட்டஸ்டன்ட் கல்லூரிகளில். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் குறிக்கப்படுகிறது. பின்னர் சென்னை குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் அது ஒரு துறையாகவே அமைந்தது. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் கற்பித்தது. அங்கே தியோபிலஸ் அப்பாவு, நம் வாசகர்கள் அறிந்த பெயரில் பறட்டை, நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தார். 1998இல் வெளியான சத்தியநாதன் கிளார்க்கின் ஆய்வு நூல் பறையையே கிறிஸ்துவைப் புரிந்துகொள்ளும் குறியீடாக முன்வைத்தது. கத்தோலிக்கத் தரப்பில் இயேசு சபையினர் இதை முன்னெடுத்தனர். அந்தோணி ராஜ் தமிழகத் திருச்சபைக்குள் நிலவும் பாகுபாட்டைக் களஆய்வு செய்து 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டார். மரிய அருள் ராஜா மாற்கு நற்செய்தியைத் தலித் நோக்கில் வாசித்தார்.

மரிய அருள் ராஜா எடுத்துக்கொண்ட பகுதிகளுள் ஒன்று மாற்கு 11ஆம் அதிகாரத்தின் இறுதியில் வருகிறது. கோவிலில் வணிகரை விரட்டிய இயேசுவிடம், தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞரும் வந்து, இவற்றைச் செய்ய உமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார் என்று கேட்கிறார்கள். பட்டமும் பதவியும் உடையவர்கள், இரண்டும் இல்லாத ஒரு தச்சரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லும் காட்சி இது. லைசென்சியேட் என்ற இலத்தீன் வேர்ச்சொல்லுக்கும் கற்பிக்க வழங்கும் உரிமம் என்றே பொருள். இயேசு நேர்விடை தரவில்லை. மக்கள் ஏற்றுக்கொண்ட யோவானைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்கிறார். மக்களுக்கு அஞ்சி அறிஞர்கள் வாயடைத்துப் போகிறார்கள். நிறுவனம் தரும் அதிகாரத்துக்கு எதிரே மக்கள் தரும் அதிகாரம் இங்கே நிற்கிறது. இப்பகுதியைச் சேரியில் வாசிக்கும்போது விளக்கமே தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம். ஆனால் அந்த வாசிப்பைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு, ஆய்வேடாக எழுதி, குருமட மாணவர்களுக்குப் பாடமாக வைக்கும் இடத்தில் இருப்பவரே எது சரியான விளக்கம் என்பதைத் தீர்மானிக்கிறார்.

அந்த இடத்தை அடையும் வழி எப்படி அமைந்துள்ளது? குருமாணவர் மெய்யியலும் இறையியலும் முடித்துக் குருவாகிறார். அதன்பின் இரண்டாண்டு லைசென்சியேட். தொடர்ந்து முனைவர் ஆய்வு. புனே ஞானதீப வித்யாபீடம், பெங்களூர் தர்மாராம், புனித பேதுரு நிறுவனம், தில்லி வித்யாஜோதி ஆகியவை இந்தியாவில் இப்பட்டங்களை வழங்கும் நிறுவனங்களுள் சில. விவிலியத்தில் உயர்ந்த மதிப்புடையது 1909இல் உரோமையில் தொடங்கிய திருத்தந்தையின் விவிலிய நிறுவனம். அங்கே கிரேக்கமும் எபிரேயமும் தெரியாமல் பட்டம் இல்லை. வகுப்புகள் இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும். போளூரிலோ செங்கத்திலோ ஆதி திராவிடர் நலப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்த ஒருவருக்கு ஆங்கிலமே முதல் அயல்மொழி. அதன்மேல் மூன்று மொழிகள். இது கடக்க முடியாத தடையல்ல, கடந்தவர்கள் உண்டு. ஆனால் இருபத்தெட்டு வயதில் ‘மொழித்திறன் போதாது’ என்று ஒருவரைப் பற்றி எழுதப்படும் ஒற்றை வரிக்குப் பின்னால், பன்னிரண்டு வயதில் அவர் எந்தப் பள்ளியில் அமர்ந்தார் என்பது இருக்கிறது. நகரத்தின் புகழ்பெற்ற ஆங்கிலவழிப் பள்ளிகள் பலவற்றை நடத்துவது இதே திருச்சபைதான்.

யாரை அனுப்புவது என்ற முடிவு முழுக்க ஆயரிடமோ சபைத் தலைவரிடமோ உள்ளது. சட்டத்தொகுப்பின் 819ஆம் விதி, குணத்திலும் பண்பிலும் அறிவிலும் சிறந்த இளைஞர்களையும் குருக்களையும் துறவியரையும் உயர்கல்விக்கு அனுப்புவது ஆயர்களின் கடமை என்கிறது. அறிவை மதிப்பெண் கொண்டேனும் அளக்கலாம். குணம், பண்பு? ‘அவன் கொஞ்சம் முரடன்’, ‘சாதிப் பிரச்சினை பேசுவான்’, ‘சமாளிக்கத் தெரியாதவன்’ போன்ற சொற்கள் நுழைவதற்கான இடம் அதுதான். மேற்படிப்புக்கு வேறு வாசலும் இல்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை தலித் கிறித்தவரை விலக்கி வைத்திருப்பதால், வெளிநாட்டு உயர்கல்விக்கு ஒன்றிய அரசு பட்டியல் சாதியினருக்கு வழங்கும் உதவித்தொகை அவருக்குக் கிடைக்காது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்த அந்த ஆணை, 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும், 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் கிறித்தவருக்கு விரியவில்லை. அரசின் கை விலகியதால் ஆயரின் கை மட்டுமே மிஞ்சுகிறது. அரசுக் கொள்கையைக் கண்டித்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 அன்று கருப்பு நாள் அனுசரிக்கும் திருச்சபை, தன் கையில் முழுமையாக உள்ள இந்த ஒன்றைப் பற்றி அதே உரத்த குரலில் பேசக் கடமைப்பட்டுள்ளது.

திருவண்ணாமலையில் இதற்கு இணையான, ஆனால் தலைகீழான ஒரு கதை உண்டு. 2006இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற அரசாணை வந்தபின், தமிழக அரசு 6 அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று இவ்வூரில் இயங்கியது. ஆறு பள்ளிகளிலுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் ஆகமமும் மந்திரமும் கற்றுச் சான்றிதழ் பெற்றார்கள். வழக்கும் தடையும் குறுக்கிட்டன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2015 டிசம்பரில் வந்தது. பயிற்சி பெற்றவர்களுள் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில்தான் பணி ஆணை கிடைத்தது. அங்கே கல்வி தரப்பட்டது, கருவறை மறுக்கப்பட்டது. திருச்சபையில் பலிபீடம் தரப்பட்டது, தலித் குருக்கள் ஏராளமாக உள்ளனர். ஆனால் பலிபீடத்தில் என்ன சொல்லப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கல்விக்கான வாசல் ஒருவர் கையில் விடப்பட்டுள்ளது. அர்ச்சகர் வழக்கில் ஒரு நன்மை இருந்தது: மறுப்பு வெளிப்படையானது. அரசாணை, வழக்கு எண், தீர்ப்பு, தேதி என எல்லாவற்றையும் எடுத்துக்காட்டலாம். குருவை அனுப்பாமல் விட்டதற்கு எந்த ஆணையும் இல்லை, எனவே மேல்முறையீடும் இல்லை.

இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று காவல்துறைப் பாதுகாப்போடு தலித்துகள் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் நுழைந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நுழைவுப் போராட்டங்களைக் காண நம் கண்கள் பழகியிருக்கின்றன. தேவாலயங்களிலும் அப்படியே. 2008 மார்ச்சில் எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டு, கலவரம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இருவர் இறந்தபோது செய்தியாளர்கள் வந்தார்கள். திருச்சியில் கல்லறையைப் பிரிக்கும் சுவரைப் படமெடுக்கலாம். பாடத்திட்டத்தில் எழுப்பப்பட்ட சுவரைப் படமெடுக்க முடியாது.

பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 229ஆம் விதிப்படி பொதுநிலையினர் எவரும் திருச்சபையின் பல்கலைக்கழகங்களில் இறையியல் கற்றுப் பட்டம் பெறலாம், கற்பிக்கவும் அனுமதி பெறலாம். சட்டம் 1983இலேயே கதவைத் திறந்துவிட்டது. ஆனால் ஞாயிறுதோறும் நம் பங்குகளில் மறைக்கல்வி நடத்துவோருள் பெரும்பான்மையினரான பெண்களுக்கு, அந்தப் பட்டம் எங்கே கிடைக்கும், படித்தால் என்ன வேலை, யார் கட்டணம் கட்டுவார் என்ற எளிய தகவல்கள்கூடச் சென்று சேர்வதில்லை. குருவுக்கு மறைமாவட்டம் செலவழிக்கும். பொதுநிலைப் பெண்ணுக்கு யாருமில்லை. கன்னியர் மடங்களுக்குள் தலித் பெண்களுக்கு நேர்வதைப் பாமா 1992இல் ‘கருக்கு’ நூலில் எழுதிவிட்டார். இறையியல் வகுப்பறைகளில் அந்த நூல் எத்தனை இடங்களில் பாடமாக இருக்கிறது என்பதும் ஓர் அளவுகோல்தான்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது திருச்சபைக்குள்ளிருந்து வருவது: தகுதியானவரை அனுப்புகிறோம், சாதி பார்ப்பதில்லை. இதற்குத் திருச்சபையின் ஆவணங்களே விடை. தமிழக ஆயர் பேரவை 1990இல் தலித் கிறித்தவருக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தது. 2003 நவம்பரில் உரோமை சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிய முற்சார்பின் சாயல்கூட ஏற்கத்தக்கதல்ல என்று எடுத்துரைத்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் வலுவூட்டல் கொள்கையை வெளியிட்டு, பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. 1.9 கோடி இந்தியக் கத்தோலிக்கருள் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், ஆயர்களுள் 12 பேரே தலித்துகள் என்றும் அப்போது செய்திகள் வந்தன. சாதி பார்க்காமலேயே இந்தக் கணக்கு வந்திருக்குமானால், எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதையாவது விளக்க வேண்டும். தகுதி பெற்ற தலித் குருக்கள் இப்போதே இருக்கிறார்கள் என்ற இயக்கங்களின் வாதமும் சரியானதே. பட்டம் பெற்றபின்னும் அவர்களை மறைத்துவைக்க இன்னொரு திரை உண்டு. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மாநில ஆயர்கள் தயாரிக்கும் தகுதியாளர் பட்டியலும், திருத்தந்தையின் தூதர் அனுப்பும் மூவர் பட்டியலும் இரகசியமானவை. எனினும் பட்டம் பெற்றோர் எண்ணிக்கை கூடக்கூட அந்தத் திரைக்குப் பின்னால் சொல்லப்படும் ‘ஆள் இல்லை’ என்ற காரணம் மெலிந்துகொண்டே போகும்.

இரண்டாவது மறுப்பு நம் தோழர்களிடமிருந்து வருவது: இன்னொரு மதத்தின் பீடத்தில் இடம் கேட்பது அம்பேத்கரியப் பணியா? அம்பேத்கரே மதம் மாறியோரின் நிலை குறித்த கட்டுரையில் இந்தியக் கிறித்தவத்தைக் கடுமையாகச் சாடினார். மாறியவர்களின் சமூக அநீதியைக் களையத் திருச்சபை போராடவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அந்தச் சாடல் இன்றும் பொருந்துகிறது. ஆனால் தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபை கல்லூரிகளையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பெருநிலங்களையும் கொண்ட நிறுவனம். அவற்றின் முதல்வர்களையும் தாளாளர்களையும் நியமிப்பவர் ஆயர். ஆயராவதற்கான தகுதிகளுள் ஒன்று இறையியல் பட்டம். சேரியிலிருந்து வரும் மாணவிக்கு அக்கல்லூரியில் இடம் கிடைப்பதும், அவள் அக்காவுக்கு அங்கே பேராசிரியர் பணி கிடைப்பதும் இந்தச் சங்கிலியின் மறுமுனையில் உள்ளன. நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இச்சங்கிலி முக்கியமானது.

காலமும் ஏதுவாக இருக்கிறது. 2024 அக்டோபரில் நிறைவுற்ற உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், ஆயர்களைத் தேர்ந்தெடுப்பதில் இறைமக்களின் குரலுக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்கிறது. வெளிப்படைத்தன்மையையும் கணக்கு ஒப்புவித்தலையும் நிதிக்கு மட்டுமன்றி மேய்ப்புப்பணிக்கும் உரியதாக்குகிறது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் இளமையில் தம் சபையால் உரோமைக்கு அனுப்பப்பட்டுத் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அனுப்பப்படுதலின் பொருளை அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டியவை எளியவை. கடந்த முப்பது ஆண்டுகளில் வேலூர், புதுவை-கடலூர், செங்கல்பட்டு மறைமாவட்டங்களிலிருந்து லைசென்சியேட், முனைவர் பட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுள் தலித்துகள் எத்தனை பேர், எந்தத் துறைக்கு அனுப்பப்பட்டார்கள்? துறையையும் கேட்க வேண்டும். சமூகப்பணிக்கும் வளர்ச்சித் திட்டங்களுக்கும் மட்டும் தலித் குருக்களை அனுப்பிவிட்டு, விவிலியத்தையும் சட்டத்தையும் பிறருக்கு ஒதுக்குவது இன்னொரு வகை வேலைப்பிரிவினை. பொதுநிலைத் தலித் பெண்கள், ஆண்களின் இறையியல் கல்விக்கென மறைமாவட்ட வரவு செலவுத் திட்டத்தில் தனித் தொகை உண்டா? திண்டிவனத்திலுள்ள தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் தயாரிக்கும் மறைக்கல்விப் பாடங்களில் தீண்டாமை ஒரு பாவமாக, அந்தச் சொல்லாலேயே, எந்த வகுப்பில் கற்பிக்கப்படுகிறது?

இறைமக்கள் தங்கள் தேவைகளையும் கருத்துகளையும் ஆயர்களிடம் தெரிவிக்கும் உரிமையைச் சட்டத்தொகுப்பின் 212ஆம் விதி வழங்குகிறது. கத்தோலிக்க மாணவர் அமைப்புகளில் இருக்கும் வாசகர்கள் மேற்கண்ட கேள்விகளை எழுத்தில், தேதியிட்டு, தத்தம் பங்குப் பேரவை வழியாகவும் மறைமாவட்ட மேய்ப்புப்பணிப் பேரவைக்கும் அனுப்பலாம். விரைவு அஞ்சலில் அனுப்பி, அதற்கான சீட்டைப் பாதுகாத்து வைக்கவும்; அடுத்த நியமனத்தின்போது ‘ஆள் இல்லை’ என்ற பேச்சு வந்தால் அது பயன்படும்.